உன் காலண்டரில் பெயர் போடாத ஒரு நாள்

தம்பி,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. இன்று மாலை கம்ப்யூட்டரில் உன் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸிலிருந்து கிளம்பினேன். காலையில் உனக்கு இரண்டு மீட்டிங். மத்தியானம் பல் டாக்டர். சாயந்திரம் ஹாம்பர்க்கிலிருந்து வரும் யாரோ ஒருவரோடு ஹோட்டலில் சாப்பாடு. பல்லைப் பிடுங்கிக்கொண்ட கையோடு யாராவது விருந்துக்குப் போவார்களா? உன் அம்மா நான் அங்கே இருந்தால் பல் டாக்டரை வெள்ளிக்கிழமை கடைசி நேரத்துக்கு மாற்றியிருப்பேன். நீயும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கஞ்சி குடித்துக்கொண்டு வீட்டில் கிடந்திருப்பாய். சரி, அதை விடு. சொல்ல வந்தது வேறு.

இந்த மாதக் கடைசியோடு எனக்கு ரிட்டயர்மென்ட். நீ முதல் வகுப்பில் சேர்ந்த வருஷம்தான் நானும் தஞ்சோங் பகாரில் இந்தக் கப்பல் கம்பெனியில் சேர்ந்தேன். டைப்ரைட்டரில் தொடங்கி, டெலெக்ஸ் பழகி, கடைசியில் பச்சை எழுத்து மினுங்கும் கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறேன். கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது என்று கணக்குப் பிரிவு ஐரீன் இப்போதே என் காதில் போட்டுவிட்டாள். கடைசி நாள் ஐந்து மணிக்கு என் பெயரை மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அது கம்பெனி விதி. அதற்குப் பிறகு என்னால் உனக்கு மெயில் அனுப்ப முடியாது. அதைப் பொறுத்துக்கொள்வேன், தபால் இருக்கிறது, போன் இருக்கிறது. ஆனால் உன் காலண்டரைத் திறந்து பார்க்க முடியாதே, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் நீ ரோட்டர்டாமில் எங்கள் தலைமை அலுவலகத்தில் இருந்தாலும், எந்த நேரத்தில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். இனிமேல் தெரியாது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. காரியம் முடிந்து நீ விமானம் ஏறியதோடு சரி, அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஜனவரியில் அப்பாவின் திதி வருகிறது, வந்துவிட்டுப் போ என்று மெயில் போட்டேன். "ஜனவரி ஃபுல் மா, பார்க்கிறேன்" என்று ஒரே வரியில் பதில் போட்டாய். நீ வர வேண்டும் தம்பி. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அடித்து எனக்கு அலுத்துப் போய்விட்டது. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். உன் ராகு காலத்தில் வைத்துப் படி.

ராகு காலம் என்றதும் சிரித்திருப்பாய். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். எங்கள் மேலாளரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு காலத்தில் கப்பல் ஓட்டிய ஸ்காட்லாந்துக்காரர். எழுபதுகளில் அவர் நேரம் முழுவதும் என் மேசை மேல் ஒரு தடித்த டயரியில்தான் இருந்தது. நான் பென்சிலில்தான் எழுதுவேன். பேனாவில் எழுதுகிற செகரெட்டரி வேலைக்குப் புதுசு என்று அர்த்தம். அந்த நாளில் நம் சிராங்கூன் ரோட்டு வியாபாரிகள், வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி செய்கிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருவார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு நேரம் கொடுத்தால் ஒருத்தரும் வர மாட்டார்கள். ஒரு தடவை நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால், மூன்று மணிக்கு வர வேண்டியவர் கீழே கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். கையில் பை, நெற்றியில் விபூதி, கண் கைக்கடிகாரத்தில். நாலரை அடித்ததும் மேலே வந்தார். "சாரி லா மிஸ்ஸி, பஸ் லேட்டு" என்றார். அவர் வந்தது சொந்த வேனில்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக மூட்டைகளை எண்ணுகிற மனுஷர், காலையில் எழுந்ததும் தேக்கா மார்க்கெட்டில் வாங்கின தமிழ்த் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழித்து, நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம் மூன்றையும் படித்துவிட்டுத்தான் பல் விளக்கப் போவார். "அந்த ஆளு மேல தப்பு இல்ல. நேரம் குடுத்த ஒன் மேலதான் தப்பு" என்றார். எனக்கு அப்போது இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் வியாபாரம் வியாபாரம்தானே. மறுநாள் முதல் ஒவ்வொரு நாளும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு டயரியில் ஒரு மெல்லிய பென்சில் கோடு இழுத்தேன். யாருக்கும் அப்போது நேரம் கொடுப்பதில்லை. ஒரு மாதம் கழித்துக் கேப்டன் அந்தக் கோட்டைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலுமிக்கு ஆகாத நாள், கப்பல் எடுக்க மாட்டேன் என்று ஒரு தடவை முதலாளிகளோடு சண்டை போட்டவர் அவர். "கோடு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு அரசாங்கம் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்த வருஷம் வந்தது. உனக்கு நினைவிருக்கும், நீ அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "கவர்மெண்ட்டு சொன்னா நாம கடிகாரத்த மாத்திக்கலாம். ராகுவுக்கு யாரு சர்குலர் அனுப்பினா?" என்றார். நீ வாயில் இருந்த ரசத்தைத் துப்பிவிட்டாய். அவர் பயத்தில் பழைய நேரத்தையும் விடவில்லை, புது நேரத்தையும் விடவில்லை. கொஞ்ச நாள் நம் வீட்டில் மட்டும் ராகு காலம் இரண்டு மணி நேரம் நடந்தது. மூன்று பேர் சாப்பிட்ட மேசையில் இப்போது நான் ஒருத்தி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்புறம்தான் கம்பெனியில் அந்த மெஷின் வந்தது. நீயும் வந்தாய். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வேண்டும் என்று கேப்டன் கேட்க, நான் உன் பெயரைச் சொன்னேன். வெள்ளைச் சட்டையும் டையும் போட்டுக்கொண்டு என் மேசைப் பக்கத்தில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, எனக்கு மெயிலும் காலண்டரும் சொல்லிக் கொடுத்தாய். வேற்று மனுஷியிடம் பேசுகிற மாதிரி ஆங்கிலத்தில் 'மேடம்' என்று தொடங்கினாய். அடுத்த நிமிஷமே "ஐயோ மா, அந்த பட்டன் இல்ல!" என்றாய். ஐரீன் சிரித்து உருண்டாள். பழைய டயரியை அப்படியே ஏற்றச் சொன்னாய், நானும் அப்படியே ஏற்றினேன். பென்சில் கோடு உட்பட. வருஷம் முழுவதும் ஒவ்வொரு வேலை நாளிலும் ஒன்றரை மணி நேரம் 'எங்கேஜ்ட்' என்று போட்டு வைத்தேன்.

"மா, என்னா மா இது! கம்ப்யூட்டர்ல போய் ராகு காலம் போட்டு வெச்சிருக்கீங்க. ரோட்டர்டாம்ல பாத்தா சிரிப்பாங்க லா!"

"சிரிக்கட்டும். நீ சேவ் பண்ணு."

ரோட்டர்டாமில் சிரிக்கவில்லை, கவலைப்பட்டார்கள். கேப்டனுக்குக் காலியாக இருக்கிற நேரம் எது என்று மெஷினைக் கேட்டால், தினமும் நடுவில் ஒரு துண்டு அடைபட்டே இருக்கிறது. அதுவும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில். கேப்டன் தினம் தவறாமல் ஒன்றரை மணி நேரம் யாரைச் சந்திக்கிறார் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. நான் அதை அவரிடம் காட்டினேன். அவர் ஒரு விரலால் தட்டித் தட்டித் தானே பதில் எழுதினார். ரொம்பப் பழைய வாடிக்கையாளர், கடினமான ஆள், அவர் நேரத்தை மாற்ற முடியாது என்று. அதற்குப் பிறகு ஒருத்தரும் கேட்கவில்லை.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள், இது வேலை விஷயம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் ஆபீஸில் நடந்த வேலை மற்ற நேரம் முழுவதும் நடந்ததில்லை. மீட்டிங் கிடையாது, ஆள் வர மாட்டார்கள். கேப்டன் மெயிலைத் திறக்க மாட்டார். தபால்காரன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறானோ அத்தனை தடவை பெட்டியைத் திறந்தால் போதும் என்பார். மீதி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு, தள்ளிப் போட்டு வைத்த சிக்கலான கடிதங்களை முடிப்பார். கொஞ்ச நாளில் ஐரீனும் தன் காலண்டரில் அதே நேரத்தை அடைத்தாள். அவள் கிறிஸ்துவச் சீனப் பெண், ராகு யார் என்றுகூடத் தெரியாது. எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். ராகு மேல் இல்லை, உன் அப்பா மேல். தினமும் கொஞ்ச நேரம் எதையும் புதிதாகத் தொடங்காதே என்று ஒருவன் சொன்னால், ஏற்கெனவே தொடங்கி வைத்ததை முடிக்க நேரம் கிடைத்துவிடுகிறது பார். இதைச் சொன்னபோது உன் அப்பா, "இத கண்டுபுடிக்க ஒனக்கு கம்ப்யூட்டர் வேண்டியிருந்துச்சு" என்றார்.

உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நீ கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டை விட்டு இறங்க வேண்டிய நேரம் சரியாக ராகு காலத்தில் விழுந்தது. விமானத்தை மாற்றச் சொல்லி உன் அப்பா உன்னிடம் கெஞ்சினார். "அப்பா, அது பஸ்ஸு இல்லப்பா" என்று நீ கத்தினாய். அவர் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உன் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக்கின் ஹாலில் வைத்துவிட்டு வந்தார். பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டி வாசல் தாண்டிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆள் பின்னால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மக்சிக்குக்கு இதெல்லாம் புரியவில்லை. ஆனால் பிள்ளை ஊருக்குப் போகிறான் என்று புரிந்தது. பெட்டியைத் திறந்து உன் சட்டைகளுக்கு நடுவில் இக்கான் பிலிஸ் சம்பல் ஒரு பாட்டில் செருகி வைத்துவிட்டார். அது அங்கே போய்க் கொட்டி, உன் சட்டையெல்லாம் ஒரு மாதம் நெத்திலி மணத்தது என்று எழுதியிருந்தாய். லிப்ட் நம் மாடியில் நிற்காது, இரண்டு மாடி இறங்க வேண்டும். அந்தப் பெட்டியை உன் கையில் கொடுக்காமல் உன் அப்பாதான் கடைசி வரை தூக்கிக்கொண்டு வந்தார்.

போனதும் நீ செய்த முதல் நல்ல காரியம், உன் காலண்டரைப் பார்க்க எனக்கு அனுமதி போட்டுக் கொடுத்தது. இங்கே நான் கிளம்பப் போகிற நேரம் அங்கே உனக்குக் காலை. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், "saaptiya" என்று நான் அடிப்பேன். "saaptachu ma" என்று நீ அடிப்பாய். அந்த இரண்டு சொல்லையும் சுமந்துகொண்டு நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போய் உன் அப்பாவிடம் சேர்ப்பேன். "என்ன சாப்டானாம்?" என்று கேட்பார். அதை நீ எழுத மாட்டாய், ரொட்டியும் முட்டையும் என்று நானே சொல்லிவைப்பேன். கொஞ்ச நாள் கழித்து நீ மூச்சு முட்டுகிறது என்று எழுதினாய். காலையில் வந்தால் மெயில் குவிந்து கிடக்கிறது, பதில் போடப் போட இன்னும் வருகிறது, சொந்த வேலையைச் சாயந்திரம்தான் தொட முடிகிறது என்று. நான் கேப்டனின் வழியைச் சொன்னேன். எனக்குப் பதில் போட்ட கையோடு ஒன்றரை மணி நேரத்தை அடைத்துக்கொள், மெயிலை மூடிவிடு என்றேன். அப்படியே செய்தாய். அடுத்த வருஷமே உனக்குப் பதவி உயர்வு வந்தது. உன் அப்பா மாமாக்களிடமெல்லாம் போய், பையன் வெள்ளைக்காரன் ஊரில் ராகு காலம் பார்க்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பா போன அந்த நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசவில்லை. இன்றைக்குப் பேசிவிடுவோம். அன்றைக்கும் வழக்கம்போல் கேட்டேன், வழக்கம்போல் சாப்பிட்டாச்சு என்றாய். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது போன் அடித்தது. மக்சிக். அப்பா வாசலில் விழுந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப் போய்விட்டது என்று அழுதார். நான் நின்ற நிலையிலேயே குனிந்து மெஷினில் உனக்கு இரண்டு வரி அடித்தேன். அப்பா ஆஸ்பத்திரியில், உடனே கூப்பிடு என்று. அடித்துவிட்டு ஓடினேன். தினமும் உன்னிடம் பேசுகிற வாசல் எனக்கு அதுதானே, கை தானாக அங்கே போய்விட்டது. பக்கத்திலேயே போன் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. நீ அப்போதுதான் மெயிலை மூடிவிட்டு உன் வேலையில் உட்கார்ந்திருந்தாய். அதைத் திறந்து பார்த்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது, அங்கே அன்றைய விமானமும் போய்விட்டது.

மறுநாளே எடுத்துவிட வேண்டும் என்றார் சித்தப்பா. அவர் மகன்தான் கொள்ளி வைத்தான். நீ வந்து சேர்ந்தபோது வீடு கழுவி விட்டாகிவிட்டது. ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். அப்பா விழுந்த இடம் அதுதான் என்று யாரும் உனக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்படியும் அங்கேயேதான் நின்றாய். பதினாறாம் நாள் காரியம் வரை இருந்தாய். கிளம்புகிற அன்று சாங்கி விமான நிலையத்தில், உள்ளே போகிற கதவுக்கு முன்னால் திரும்பி வந்து, "மா, அந்த நேரம் நான் பிளாக் பண்ணி வெச்சிருந்தேன் மா" என்றாய். எனக்கு வாய் வரவில்லை. நீ போய்விட்டாய். அந்தப் பதிலைத்தான் இரண்டு வருஷமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே பார்த்திருந்தால் விமானத்தைப் பிடித்திருப்பாய், அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பாய். அது நிஜம், பூசி மெழுக மாட்டேன். நேரத்தை அடைத்துக்கொள் என்று சொன்னவள் நான்தான், போன் மணி அடிக்க வேண்டிய நேரத்தில் தபால் பெட்டியில் தாளைப் போட்டவளும் நான்தான். நீ செய்தது என்ன? அம்மா சொன்ன பேச்சைக் கேட்டு உன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பாவுக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்கே தெரியும். உனக்குக் கீழே இப்போது எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு மெயிலை எப்படி வேகமாகப் பார்ப்பது என்று என்னவெல்லாமோ சொல்லிக் கொடுப்பாய். இதையும் சேர்த்துச் சொல்லிக் கொடு. உயிர் போகிற விஷயம் என்றால் போனை எடுக்க வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவன், எதற்குக் கதவைத் தட்டலாம் என்று யாராவது ஒருத்தரிடமாவது சொல்லி வைத்திருக்க வேண்டும். கேப்டனின் கதவுக்கு வெளியே நான் இருந்தேன். உனக்கு வெளியே யாரும் இல்லை. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இப்போது உன் "ஜனவரி ஃபுல்" விஷயத்துக்கு வருகிறேன். பாம்பின் கால் பாம்பறியும், தம்பி. இத்தனை வருஷம் அந்த வார்த்தையைப் போனில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கேப்டன் பார்க்க விரும்பாத ஆளுக்கு எப்போதும் அவர் ஃபுல். பார்க்க விரும்புகிற ஆளுக்கு, இரண்டு மீட்டிங்குக்கு நடுவிலாவது என்னால் இடம் செய்ய முடியாமல் போனதில்லை. அதனால் உன் பதிலைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற அம்மாவுக்கே ஃபுல்லா? இவன் காலண்டரில் நான் ஒரு ராகு காலமா, ஒதுங்கிப் போக வேண்டிய நேரமா என்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பொம்பளை டிஷ்யூ கொடுத்தாள்.

மறுநாள் உன் ஜனவரியைத் திறந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தேன். பொய் சொல்லியிருந்தால் கண்டுபிடித்துத் திட்டலாம் என்றுதான். நீ சொன்ன அளவுக்கு ஃபுல்லும் இல்லை. ஆனால் ஒரு நாள் மட்டும், காலையிலிருந்து சாயந்திரம் வரை, 'எங்கேஜ்ட்' என்று இருந்தது. பெயர் இல்லை, இடம் இல்லை. யாரைச் சந்திக்கிறாய் என்று ஒரு எழுத்துக்கூட இல்லை. அந்த மாதிரிக் கட்டத்தைக் கண்டுபிடித்தவளே நான்தானே, எனக்கா தெரியாது? சந்தேகப்பட்டு, போன ஜனவரிப் பக்கங்களுக்குப் போனேன். அங்கேயும் அதே மாதிரி ஒரு நாள், முழுசாக, பெயர் இல்லாமல். ஆனால் அது வேறு தேதி. அப்பா இறந்த ஆங்கிலத் தேதியும் இல்லை. வீட்டுக்கு வந்து, புது வருஷக் காலண்டரை எடுத்து ஜனவரித் தாள்களைப் புரட்டினேன். நீ அடைத்து வைத்திருந்த நாள் அப்பாவின் திதி. போன ஜனவரியில் அடைத்ததும் அந்த வருஷத்துத் திதி. வருஷத்துக்கு வருஷம் அது நகரும், உன் கட்டமும் கூடவே நகர்ந்திருக்கிறது. எந்தத் தேதி என்று நான் உனக்கு எழுதவே இல்லை. வருஷா வருஷம் தேக்காவில் வாங்கி நான் பார்சலில் அனுப்புகிற காலண்டரை, கிடைத்தது என்றுகூட நீ ஒரு நாளும் எழுதினதில்லை. எங்கேயோ மூலையில் சுருட்டிப் போட்டிருப்பாய் என்று நினைத்தேன். நீ அதைச் சுவரில் மாட்டியிருக்கிறாய். உன் அப்பா மாதிரித் தாளைக் கிழித்துக்கொண்டு இருக்கிறாய்.

அன்றைக்கு நீ அங்கே என்ன செய்வாய்? எள்ளும் தண்ணீரும் இறைக்க உனக்குத் தெரியுமா? யாராவது ஐயர் இருக்கிறாரா? குளிரில் ஆற்றங்கரைக்குப் போய் நிற்பாயா, இல்லை அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருப்பாயா? போன தடவை திதி அன்றைக்கும் சாப்பிட்டாச்சு என்று எனக்குப் பதில் போட்டிருக்கிறாயே, பழைய மெயிலை எடுத்துப் பார்த்தேன். சாப்பிட்டிருக்க மாட்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த நாளில் இங்கே நானும் ஒற்றையாளாக வாழையிலை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரே நாளை இரண்டு பேரும் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறோம். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் உண்டா?

இன்னொன்றும் யோசித்தேன். என் அனுமதியை எடுத்துவிட உனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. நான் தினமும் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். எடுக்காமல் விட்டு வைத்திருக்கிறாய். அந்தக் கட்டத்தை யாருக்குத் தெரிய வேண்டும் என்று போட்டாய் தம்பி? எனக்குத்தான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்.

வீட்டுக்குள் கால் வைக்க உனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கும் அந்த வாசலைத் தாண்ட ஒவ்வொரு நாளும் பயமாகத்தான் இருந்தது. தாண்டித்தானே ஆக வேண்டும் என்று தாண்டினேன், இப்போது பழகிவிட்டது. டோபி காட் வரை பஸ், அங்கிருந்து எம்ஆர்டி ரயில் என்று ஆபீஸ் போகிற வழிகூட மாறிவிட்டது. நீ பார்த்ததில்லை. மக்சிக்குக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, உன்னைப் பற்றித் தினமும் கேட்கிறார். இந்தத் திதிக்கு வர முடியாது என்றால் வர வேண்டாம், கட்டாயப்படுத்த மாட்டேன். கஷ்டமான வேலையை எப்படித் தொடங்குவது என்று உன் அப்பா நமக்குக் காட்டியிருக்கிறார். அந்தப் பரஸ்தானத்தை மட்டும் செய்.

முறைப்படி பார்த்தால் அங்கே உன் பக்கத்து வீட்டில்தான் பெட்டியை வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம், ராகுவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த மாதம் உங்கள் ஆபீஸ்காரர் ஒருவர் இங்கே வருகிறார், அவர் காலண்டரையும் பார்த்துவிட்டேன். அவர் கையில் உன் சட்டை ஒன்றைக் கொடுத்து அனுப்பு. பழைய சட்டை போதும். அதை மக்சிக் வீட்டு ஹாலில், உன் பெட்டி இருந்த இடத்தில் வைக்கச் சொல்கிறேன். நீ கிளம்பிவிட்டாய் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். நீ பின்னால் மெதுவாக வா. அதுவரை உன் காலண்டரைப் பார்க்காமல் என்னால் இருந்துகொள்ள முடியும்.

துவைக்காமல் அனுப்பு.

அம்மா